மீந்த கறியை எடுத்து வைப்பது எப்படி: வடசென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று எந்தப் பக்கம் வீடு பிடித்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிதான். அரைக் கிலோ வாங்கலாம் என்று கடைக்குப் போவோம், "ஒரு கிலோவா போட்டுடவா" என்று கடைக்காரர் கேட்டதும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம், இரண்டு பேர் சாப்பிட்ட பிறகு பாதிச் சட்டி அப்படியே நிற்கும். அந்தப் பாதிச் சட்டியை என்ன செய்வது என்பதுதான் இங்கே பேச்சு. ஆட்டுக்கறி, கோழி, மாட்டுக்கறி, ஈரல், போட்டி, பாயா எதுவானாலும் வழி ஒன்றுதான். தனியாக அறை எடுத்துச் சமைக்கத் தொடங்கியவர்களையும் புதிதாகக் குடித்தனம் வைத்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன், அதனால் தெரிந்த விஷயமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நம்பிக்கையைக் கழற்றி வைக்க வேண்டும். "ராத்திரி ஒரு கொதி விட்டு மூடி வச்சுடு, காலைல இன்னொரு கொதி விட்டா ஒண்ணும் ஆகாது." இதைக் கேட்டு வளராதவர் நம்மில் குறைவு. கொதிக்க வைத்தால் உயிரோடு இருக்கிற கிருமிகள் சாகும் என்பது உண்மைதான், ஆனால் சில கிருமிகள் வித்து மாதிரி ஒரு உறைக்குள் சுருண்டு கிடக்கும், சாதாரணக் கொதிக்கு அவை சாகாது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கறிக் குழம்புக்கென்றே பிறந்தது போல. குழம்பு கொதிக்கும்போது அந்த வித்து பிழைத்துக்கொள்ளும், அடுப்பை அணைத்து சட்டி மெதுவாக ஆறும்போது விழித்துக்கொள்ளும். 43 முதல் 47 டிகிரி சூடு அதற்கு மிகவும் பிடித்தமானது, அந்தச் சூட்டில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், எல்லாம் அதற்குத் தோதாக அமைந்தால் ஒரே ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். கை பொறுக்கிற வெதுவெதுப்பில் ஒரு பெரிய குண்டான் எத்தனை மணி நேரம் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சிக்கல், கிருமி செத்தாலும் அது கக்கி வைத்த நஞ்சு எல்லாம் போய்விடாது. கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் சாப்பாட்டுக்குள் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ், சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ், இரண்டும் உண்டாக்கும் வாந்தி நஞ்சு நம் வீட்டு அடுப்புக் கொதிக்கு அசையாது. கெட்டதைச் சூடு பண்ணினால் சூடான கெட்டதுதான் கிடைக்கும்.

ஆகவே கறி கெடுவதும் கெடாததும் பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்குள் தீர்மானமாவதில்லை, அதற்கு முன்னால் சமையல் மேடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே நிற்கிற நேரம்தான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்கிறது. அமெரிக்க வேளாண் துறை இன்னும் ஒன்று சேர்த்துச் சொல்கிறது: வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம்தான். நம்மூரில் கத்திரி வெயில் சமயத்தில் 40 டிகிரியைத் தொடும், அடுப்பு எரிந்த சின்ன சமையலறை அதற்கும் மேல். அதனால் வடசென்னைக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் என்பதே கணக்கு. மார்கழி ராத்திரியில் வேண்டுமானால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள், சாப்பிட்டு முடித்ததிலிருந்து இல்லை, டிவி பார்த்து முடித்ததிலிருந்தும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

சாப்பிட உட்காரும் முன்பே பிரித்து எடுங்கள்

நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். இன்று எவ்வளவு செலவாகும் என்று குத்துமதிப்பாகத் தெரியும்தானே, மீதியைப் பரிமாறும் முன்பே சுத்தமான கரண்டியால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சாப்பிட்டபின் மிஞ்சுவதை எடுத்து வைப்பதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். மேசையில் வைத்த சட்டியில் எச்சில் கை பட்ட கரண்டி போகும், சின்னப் பிள்ளை விரலை விட்டு ஒரு துண்டை எடுக்கும், சாப்பாடும் பேச்சுமாக ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். அப்படி மிஞ்சியதை ராத்திரியே சாப்பிட்டு முடிக்கப் பாருங்கள், அதையும் அதுவரை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு. முன்பே எடுத்ததைத்தான் நாளைக்கும் நாளன்றைக்கும் நம்பி வைக்கலாம்.

ஆற வைப்பதுதான் வேலையே

குக்கரில் விசில் விட்ட கறியை அப்படியே மூடி வைத்துவிட்டு, "மூடித்தானே இருக்கு, கிருமி எப்படி உள்ளே போகும்" என்று கேட்பார்கள். உள்ளே போக வேண்டியதில்லை, வித்து ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. மூடிய குக்கர் காற்றில்லாமல் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கும், பெர்ஃபிரிஞ்சன்ஸ் காற்றில்லாத இடத்தில்தான் நன்றாக வளரும். குழம்பின் மேலே மிதந்து உறைகிற கொழுப்பும் அப்படித்தான். அது மூடி போல நின்று காக்கிறது என்று சிலர் சொல்வார்கள், உண்மையில் அது காற்றைத் தடுக்கிற வேலையைத்தான் செய்கிறது.

அகலமான, ஆழம் குறைந்த பாத்திரம் எடுங்கள். எவர்சில்வர் தாம்பாளம், பரோட்டா மாவு பிசைகிற அகலப் பேசின், கேக் டிரே, எதுவும் ஆகும். குழம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது, அதாவது சுமார் 5 சென்டிமீட்டர். பெரிய எலும்புத் துண்டும் தொடைக்கறியும் நடுவில் சூட்டை வைத்துக்கொண்டே இருக்கும், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல் பரப்புங்கள், முடிந்தால் இரண்டாக வெட்டிவிடுங்கள். அடுத்து, பிளாஸ்டிக் டப்பிலோ பெரிய பேசினிலோ பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அதற்குள் இந்தப் பாத்திரத்தை வையுங்கள், தண்ணீர் உள்ளே ஏறாதபடி. ஃபேனைப் போடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிளறுங்கள், டப் தண்ணீர் சூடானால் மாற்றுங்கள். ஃபிரிட்ஜில் இருக்கிற ஐஸ் கட்டியை டப்பில் போட்டால் பாதி நேரம்கூட ஆகாது. காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மீனுக்கு உடைக்கிற ஐஸ் சுலபமாகக் கிடைக்கும், தாராளமாக வாங்கி வந்து டப்பில் போடுங்கள், ஆனால் அது சாப்பிடுவதற்கான ஐஸ் இல்லை, பாத்திரத்துக்கு வெளியேதான் இருக்க வேண்டும், ஒரு சொட்டும் குழம்பில் விழக் கூடாது.

ஆவி நிற்கும்வரை முழுக்க மூடாதீர்கள், பல்லி கரப்பான் பயம் இருந்தால் சல்லடைத் தட்டால் மூடலாம். ஆவி அடங்கி, பாத்திரத்தின் அடியைத் தொட்டால் கை பொறுக்கிற அளவுக்கு வந்ததுமே உள்ளே வைத்துவிடுங்கள். "ஜில்லென்று ஆறின பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்கணும், இல்லாட்டி ஃபிரிட்ஜ் கெட்டுடும்" என்று ஆறு மணி நேரம் காத்திருப்பது ஃபிரிட்ஜைக் காப்பாற்றி வயிற்றைக் கெடுக்கிற வேலை. வெதுவெதுப்பான சின்ன டப்பா இரண்டை வைத்தால் ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. கொதிக்கக் கொதிக்க ஐந்து லிட்டர் குண்டானை வைத்தால்தான் அக்கம்பக்கத்தில் இருக்கிற பாலும் மாவும் சேர்ந்து சூடாகும்.

எதில் வைப்பது

எவர்சில்வர் டப்பா அல்லது கண்ணாடி டப்பா, இறுக்கமான மூடியோடு. புளி, தக்காளி சேர்ந்த குழம்பை அலுமினியச் சட்டியில் ராத்திரி முழுக்க விடாதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். மண்சட்டியில் சமைத்திருந்தால் ருசிக்குக் குறையில்லை, ஆனால் அது லேசில் ஆறாது, மாற்றித்தான் ஆக வேண்டும். கடையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு வருகிற சால்னாவையும் வந்ததும் பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, ஆனாலும் சூடான குழம்பு இன்னும் கவரில்தான் வருகிறது, என்ன சொல்ல.

ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று சின்னச் சின்னதாகப் பிரியுங்கள். முழுச் சட்டியையும் வெளியே எடுத்து, சூடாக்கி, இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு, மீதியை மறுபடி உள்ளே வைத்து, மறுநாள் மறுபடி என்று போனால், ஒவ்வொரு முறையும் கறி அந்த ஆபத்தான சூட்டைக் கடந்து ஏறி இறங்குகிறது. மூடி மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி "ஞாயிறு மதியம்" என்று எழுதிவிடுங்கள். அறையில் நாலு பேர் இருந்தால் இது கட்டாயம், இல்லாவிட்டால் யார் எப்போது வைத்த டப்பா என்று வாரக் கடைசியில் பஞ்சாயத்துதான்.

ஃபிரிட்ஜுக்குள்

5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் வீடுகளில் இருக்கிற ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் டிகிரி காட்டாது, எண்கள் போட்ட ஒரு திருகுதான் இருக்கும். பெரும்பாலானவற்றில் எண் கூடினால் குளிர் கூடும், கோடையில் கூட்டி வையுங்கள். ஃபிரிட்ஜுக்கென்றே விற்கிற தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் வைத்து, மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். பழைய ஃபிரிட்ஜை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும், பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், கதவு ரப்பரில் ஒரு தாளைச் சொருகி மூடிப் பாருங்கள், தாள் லேசாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது.

கதவுத் தட்டில் கறி வைக்கக் கூடாது, திறக்கும்போதெல்லாம் சூடாகிற இடம் அது. சமைத்தது மேலே, பச்சைக் கறி கீழே, அதுவும் தட்டில் வைத்து. பச்சைக் கறித் தண்ணீர் ஒழுகி சமைத்ததில் விழுந்தால் இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

எத்தனை நாள்? ஒழுங்காக ஆற வைத்து, ஒழுங்காகக் குளிர்கிற ஃபிரிட்ஜில் வைத்தால் 3 முதல் 4 நாள் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு கரண்ட் போகாத ஊருக்கானது. குழந்தைகள் நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் பாட்டிலுக்காகக் கதவைத் திறக்கிற நம் வீட்டுக்கு நான் இரண்டு நாள் என்றுதான் சொல்வேன். தேங்காய் அரைத்து ஊற்றிய குருமா என்றால் மறுநாளே முடித்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமை கறி தொடாத வீடுகளில் ஞாயிற்றுக் குழம்பைத் திங்கள் இரவோடு காலி செய்துவிடுவார்கள், சாமிக்காகச் செய்தாலும் வயிற்றுக்கும் அது நல்லதுதான். கர்ப்பிணிகள், வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கறார் வேண்டும். லிஸ்டீரியா என்கிற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலும் மெதுவாக வளரக்கூடியது, கர்ப்பத்தில் அது பெரிய ஆபத்து. அவர்களுக்கு அன்றன்றைக்குச் சமைத்ததைக் கொடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், ஆனால் அது மைனஸ் 18 டிகிரியில் இருக்கிற ஃப்ரீசருக்கு. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலே இருக்கிற சின்னப் பெட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது. ஐஸ்கிரீம் வாங்கி வைத்துப் பாருங்கள், மறுநாள் கல்லு மாதிரி இருந்தால் நல்ல ஃப்ரீசர், ஸ்பூன் சுலபமாக இறங்கினால் கறியை ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஃப்ரீசரில் இருந்து எடுத்ததை மேடையில் வைத்து உருக விடக் கூடாது. முதல் நாள் ராத்திரியே கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், அவசரம் என்றால் கட்டியாகவே சட்டியில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் வையுங்கள்.

சூடாக்கும்போது

நடுவில் 74 டிகிரி ஏற வேண்டும். வீட்டில் அளக்க வழியில்லை என்றால், குழம்பு ஓரத்தில் குமிழி விடுவது போதாது, நடுவிலும் தளதளவென்று கொதித்து, கிளறிவிட்டு, மறுபடி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். சுக்கா, வறுவல் என்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி போட்டு ஆவியில் சூடாக்குங்கள், காய்ந்தும் போகாது. மைக்ரோவேவ் அங்கங்கே சூடாக்கி அங்கங்கே விட்டுவிடும், நடுவில் நிறுத்திக் கிளறி மறுபடி ஓட்டுங்கள். ஒரு முறை சூடாக்கியது மிஞ்சினால் திரும்ப உள்ளே போகக் கூடாது. பாயா ஃபிரிட்ஜில் ஜெல்லி மாதிரி உறைந்திருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், எலும்பில் இருந்து இறங்கிய சத்துதான் அப்படி உறைகிறது, சூட்டில் கரைந்துவிடும்.

பிரியாணி தனிக் கதை

கறியும் சோறும் சேர்ந்தே இருப்பதால் இரண்டின் ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. வீட்டில் செய்தது என்றால் தம் உடைத்ததும் மீதியைத் தாம்பாளத்தில் பரப்பி ஆற வைத்து எடுத்து வைக்கலாம், மறுநாளைக்குள் சாப்பிடலாம். கல்யாண வீட்டிலிருந்து பக்கெட்டில் வருகிற பிரியாணி அப்படியில்லை. விடிகாலையில் இறக்கிய தேக்சா, பதினொரு மணிக்குத் திறந்தது, மூன்று மணிக்கு உங்கள் கைக்கு வருகிறது, நடுவில் எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. வாங்கியதும் ஆவி பறக்கச் சூடாக இருந்தால் அப்போதே சாப்பிடுங்கள், எடுத்து வைக்காதீர்கள். வெதுவெதுவென்று இருந்தால், மனசு கஷ்டமாக இருந்தாலும், வேண்டாம். புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் மாலையில் வாங்குகிற பீஃப் பிரியாணிப் பொட்டலத்துக்கும் இதேதான், அளவாக வாங்கி அன்றைக்கே முடிப்பது. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற ஞாயிறுகளில் நாலு வீட்டிலிருந்து குழம்பு வந்து சேரும், எந்த வீட்டில் எப்போது இறக்கினார்கள் என்று கேட்கவா முடியும். முதலில் வந்ததை முதலில் சாப்பிடுங்கள், ராத்திரிக்கு மேல் வைக்காதீர்கள்.

கரண்ட் போனால்

கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிறைய அடைத்து வைத்த நல்ல ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி காலியாக இருந்தால் 24. மின்வாரியப் பராமரிப்பு என்று முன்கூட்டி அறிவித்து காலை 9 மணிக்கு நிறுத்தினால் பெரும்பாலும் மதியம் 2 மணிக்குத்தான் வரும், அதாவது 5 மணி நேரம். முதல் நாள் ராத்திரி பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து உறைய விடுங்கள், காலையில் எடுத்துக் கறி டப்பாவைச் சுற்றி நிறுத்துங்கள், மதியம்வரை கதவைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் இது எதுவும் எடுபடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீரும் உள்ளே வந்தது. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் கறி வாங்குவதை நிறுத்துங்கள், இருப்பதைச் சாப்பிட்டு முடியுங்கள். வெள்ளத் தண்ணீர் தொட்ட எந்தச் சாப்பாடும், மூடிய டப்பாவில் இருந்தாலும், குப்பைக்குத்தான்.

ஃபிரிட்ஜே இல்லையா

அப்படியானால் மீதி வைக்கவே வைக்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்குச் சுண்டக் காய்ச்சி மூடிவிட்டுக் காலை ஆறு மணிக்குத் திறந்தால், அந்த ஒன்பது மணி நேரத்தில் பெரும்பகுதி கறி கிருமி வளர்கிற சூட்டில்தான் இருந்திருக்கிறது. கால் கிலோ கேட்டால் கறிக்கடையில் யாரும் முறைக்க மாட்டார்கள், கோழி என்றால் இரண்டு துண்டு தொடை மட்டும்கூட வெட்டித் தருவார்கள். அப்படியும் மிஞ்சிவிட்டால் சூடாக இருக்கும்போதே பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுங்கள், அடுத்த வாரம் அந்தக் கிண்ணம் காலியாகத் திரும்பி வராது. இல்லை, அவர்கள் ஃபிரிட்ஜில் ஒரு ஓரம் கேளுங்கள், ஹவுஸிங் போர்டு குடியிருப்புகளில் இது சர்வ சாதாரணம்.

எப்போது கொட்டுவது

நுரை கட்டியிருந்தால், வழவழப்பாக இருந்தால், புளித்த வாடை அடித்தால் கொட்டுங்கள், அது எல்லோருக்கும் தெரியும். தெரியாத பாதி என்னவென்றால், ஆளை வீழ்த்துகிற கிருமிகள் பல நேரம் வாடையும் காட்டாது, நிறமும் மாற்றாது. அதனால் "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்பது சாட்சி ஆகாது, நாக்கில் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். நேரக் கணக்கு தவறியதா, வாடை நன்றாக இருந்தாலும் கொட்டுங்கள். ஆட்டுக்கறி விற்கிற விலையில் கை வராதுதான், ஆனால் ஒரு நாள் கூலியும் மருந்துச் செலவும் அதைவிட அதிகம். கவரில் கட்டித் தெருநாய்க்கு வீசாதீர்கள், கவரோடு விழுங்கும்.

சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பெரும்பாலும் நஞ்சு, 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றை முறுக்கிப் பேதி என்றால் அந்தக் குழம்புக் கிருமி. பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக நிற்கும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவு தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களே வாங்கிப் போடாதீர்கள், குழந்தைக்கு நிச்சயமாகக் கூடாது. மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, மணிக்கணக்கில் சிறுநீர் இல்லை, குழந்தை துவண்டு கிடக்கிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு ராத்திரியும் இருக்கிறது, ஆட்டோ கிடைக்காவிட்டால் 108. போகும்போது என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, கூடச் சாப்பிட்டவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.